சூட்டில் வளைப்பதா, குளிரில் வளைப்பதா: படகுச் சட்டத்துக்கு அலுமினியம் தெரிவு செய்தல்

நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றுக்கு நிழற்கூரை போட வேண்டும். சட்டத்துக்கு 40 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள அலுமினியக் குழாய். பின்புறத்தில் அவுட்போர்ட் எஞ்சின் பூட்டுவதற்குத் தடித்த தகட்டில் ஒரு தாங்கி. படகு என் தமையனுடையது, வேலை எங்கள் பட்டறையுடையது. ஆகவே இது தவறினால் திட்டு வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

முதல் சட்டம் எங்களிடம் செய்தது அல்ல. வேறொரு பட்டறையில் காஸ் சுவாலையால் குழாயைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தார்கள். வளைவு ஒரு நெளிவில்லாமல் அழகாக இருந்தது, அண்ணனுக்கும் மிகுந்த திருப்தி. கச்சான் காற்று வீசத் தொடங்கிச் சில வாரங்களில் கூரை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. குழாய் உடையவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. வளைவுக்கு ஒரு சாண் கீழே, ஈரமான பனையோலை மடிவதைப்போல மெல்ல மடிந்திருந்தது. அந்த இடத்தில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். நகத்துக்கு எதுவும் தெரியவில்லை. அரத்தை வைத்து உரசியபோதுதான் தெரிந்தது: கீழ்ப்பகுதியில் அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது, மடிந்த இடத்தில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. ஒரே குழாய்க்குள் இரண்டு உலோகங்கள் இருந்தன.

அதனால் இம்முறை விலையிலிருந்து தொடங்காமல், உலோகத்தின் உள்ளமைப்பிலிருந்து தொடங்கினேன். நம் முன்னே நான்கு வழிகள் இருந்தன. (6061, 5083 போன்றவை அலுமினியக் கலவைகளின் எண்கள். டி4, டி5, டி6 என்பவை கலவையைச் சூட்டால் பதப்படுத்திய நிலைகள். முதிர்த்துவது என்றால் அளவான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து இறுகச் செய்வது.) கடினமான 6061 டி6 குழாயைச் சூடாக்கி வளைப்பது, அதையே குளிரில் வளைப்பது, இன்னும் முதிர்த்தாத 6061 டி4 குழாயை வாங்கி வளைத்துவிட்டுப் பின்னர் முதிர்த்துவது ஆகிய மூன்றும் சட்டத்துக்கு. நான்காவது, தாங்கிக்கு 5083 தகடு. கதவு, ஜன்னலுக்கு வரும் 6063 குழாயைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது எந்தக் கடையிலும் கிடைக்கும், பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் டி5 நிலையில் அதன் வலிமை 6061 டி6இன் பாதியளவுதான். கச்சானுக்கு முகம் கொடுக்கும் கூரைக்கு நான் அதைப் போடமாட்டேன்.

இரும்பில் பழகிய கை

இரும்பில் பழகிய கை அலுமினியத்தில் ஏமாறும். இரும்பைச் செந்நிறமாகக் காய்ச்சி அடிக்கும்போது, பழைய பளிங்கு மணிகள் (உலோகம் முழுதும் நெருங்கி அடுக்கியிருக்கும் நுண்ணிய பளிங்குத் துண்டுகள்) அழிந்து புதிய சிறு மணிகள் பிறக்கின்றன. காய்ச்சி அடித்தால் உறுதி என்ற எண்ணம் கொல்லர்களிடம் ஊறியதற்கு அதுவே காரணம். அலுமினியம் அப்படி நடப்பதில்லை. முதலில், அது நிறம் காட்டுவதில்லை. 660 பாகை செல்சியஸில் தூய அலுமினியம் உருகும். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அதுவரைக்கும் வெள்ளி நிறமாகவே நிற்கும். இரண்டாவது, உள்ளே நடப்பதும் வேறு.

கரையில் குவித்து வைத்த வலையை நினைத்துப் பாருங்கள். குளிரில் உலோகத்தை வளைப்பது வலையைத் தாறுமாறாக இழுப்பதைப் போன்றது. பளிங்கின் அணு வரிசையில் உள்ள பிறழ்வுக் கோடுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கு கூடக் கூட மேலும் இழுப்பது கடினம், உலோகம் இறுகுகிறது. சூட்டில் வளைக்கும்போது அதே வலைக்குச் சிக்கு எடுக்க அவகாசம் கிடைக்கிறது. அலுமினியத்தில் பிறழ்வுக் கோடுகள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக ஏறி இறங்கும். எதிரெதிர்க் கோடுகள் சந்தித்து அழிகின்றன, மிஞ்சியவை வரிசையாக நின்று மெல்லிய சுவர்களாகின்றன. ஒவ்வொரு மணியும் சில மைக்ரோமீற்றர் அளவுள்ள உள்மணிகளாகப் பிரிகிறது. இதற்கு உடன்மீட்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: வளையும்போதே மீள்வது. இந்த மீட்சி அவ்வளவு சுலபமாக நடப்பதால், புதிய மணிகள் பிறக்கத் தேவையான அழுத்தம் உள்ளே சேர்வதில்லை. இரும்பில் நடக்கும் புதுப்பிறப்பு அலுமினியத்தில், வளைக்கும் நேரத்தில், அரிதாகவே நடக்கிறது.

எவ்வளவு பெரிய உள்மணிகள் என்பதை வெப்பமும் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 1944இல் கிளாரன்ஸ் சீனரும் ஜோன் ஹொலமனும் உருக்கை ஆராய்ந்து, வெப்பத்தையும் உருத்திரியும் வேகத்தையும் ஒரே எண்ணில் அடக்கினார்கள். அந்த எண் அலுமினியத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது. மெதுவாகவும் அதிக சூட்டிலும் வளைத்தால் எண் சிறிது, உள்மணிகள் பெரிது, உலோகம் மென்மை. விரைவாகவும் குறைந்த சூட்டிலும் வளைத்தால் உள்மணிகள் சிறுத்து உலோகம் இறுகும். பட்டறையில் சுவாலையைக் காட்டிக் காட்டிக் கையால் மெல்ல வளைப்பது எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த அமைப்பை ஓரளவுக்குக் கண்ணாலேயே பார்க்கலாம், நுணுக்குக்காட்டி வேண்டாம். பட்டறையில் கிடந்த 25 மில்லிமீற்றர் உருளைக் கம்பி ஒன்றைக் குறுக்கே அறுத்து, முகத்தை நீரில் நனைத்த உரசுதாளால் கண்ணாடிபோல் தேய்த்தேன். பிறகு, சூடான கோஸ்டிக் சோடாக் கரைசலில் சில நிமிடங்கள் வைத்து, கழுவி, மேலே படிந்த கருமையை ஐதான நைத்திரிக் அமிலத்தால் நீக்கினேன். (கையுறையும் கண் கவசமும் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும்.) கம்பியின் நடுப்பகுதி மங்கிய பட்டுத்துணிபோல் ஒரே சீராக இருந்தது. ஓரத்தைச் சுற்றி மட்டும், தோலைப்போல ஒரு வளையத்தில், திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது மின்னும் பெரிய மணிகள்.

இந்த வளையம் எப்படி வந்தது? ஆலையில் 450 முதல் 500 பாகை வரை சூடாக்கிய உருளையை அச்சுத் துளை வழியாக அழுத்தி வெளியே தள்ளுகிறார்கள். நடுப்பகுதி அமைதியாக ஒழுகி வரும். ஓரமோ அச்சின் சுவரில் உராய்ந்து, பல மடங்கு அதிகமாகச் சிதைந்து வரும். அங்கே மட்டும் போதிய அழுத்தம் சேர்ந்து, வெளியே வந்த கணங்களில் புதிய மணிகள் பிறந்து பெருத்துவிடுகின்றன. ஒரே கம்பி, ஒரே கலவை, ஒரே நாள். ஆனால் சிதைவின் அளவு வேறு, அதனால் அமைப்பும் வேறு. அப்படிப் பெரிய மணிகள் உள்ள தோலை வளைத்தால் வெளிவளைவு தோடம்பழத் தோல்போல் பொருக்குப் பொருக்காகும். வாங்கும் குழாயில் ஓர் அங்குலத்தை அறுத்து இதைச் செய்து பார்ப்பது பிற்பாடு வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

6061: வலிமை எங்கே குடியிருக்கிறது

6061இன் வலிமையில் மணிகளுக்கு இருக்கும் பங்கு சிறியது. பெரிய பங்கு அதற்குள் கலந்த மக்னீசியத்துக்கும் சிலிக்கனுக்கும் உரியது. ஏறத்தாழ 530 பாகையில் இவை உலோகத்தில் கரைந்துவிடும். சட்டென்று குளிர்த்தால் கரைந்தபடியே சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் அறை வெப்பத்தில் விட்டு வைத்தது டி4. அதை 175 பாகையில் எட்டு மணி நேரம் வைத்தால், சில நனோமீற்றர் தடிப்பே உள்ள ஊசிகளாக அவை திரளும். கோடிக்கணக்கான அந்த ஊசிகள்தான் பிறழ்வுக் கோடுகளை மறித்து நிற்கின்றன. அது டி6.

இப்போது டி6 குழாயில் சுவாலையைக் காட்டுவோம். ஊசிகள் தடிக்கின்றன, ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருக்கின்றன, எண்ணிக்கையில் குறைகின்றன. 177 பாகையில் எட்டு, பத்து மணி நேரம் தாங்கும் டி6, 204 பாகையில் அரை மணி நேரத்தையும் 232 பாகையில் ஐந்து நிமிடத்தையும் தாண்டினால் வலிமையை இழக்கத் தொடங்கும். கையால் வளைக்குமளவு குழாய் இளகுவதற்கு 300 பாகைக்கு மேல் போக வேண்டும். அந்தக் காலத்துத் தகடு வேலைக்காரர்கள் சவர்க்காரத்தைத் தேய்த்து, அது கடும் கபில நிறமாகும் வரை சூடாக்குவார்கள். நல்ல முறைதான், மென்மையாக்க வேண்டிய தகட்டுக்கு. டி6 குழாயில் அந்த நிறம் வரும்போது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஊசிகள் போய்விட்டன.

எவ்வளவு போகிறது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைப்பு 6061 டி6இல் பொதுவாக 276 மெகாபாஸ்கல். டி4இல் 145. முழுதாகத் தளர்ந்த நிலையில் 55. ஐந்தில் ஒன்று! சுவாலையால் சூடாக்கிய குழாயில் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையிலான எல்லா நிலைகளும் ஒரு முழ நீளத்துக்குள் வரிசையாக இருக்கும். அண்ணனின் குழாய் வளைவில் மடியாமல் ஒரு சாண் கீழே ஏன் மடிந்தது என்பதும் இதனால்தான். கூரையில் காற்று அடிக்கும்போது, குழாயின் அடியை நோக்கிப் போகப் போக நெம்பு கூடும். மென்மையான பகுதி முடியும் கீழ் எல்லையில் நெம்பு பெரிது, உலோகமோ இன்னும் மெதுமை. மடிய வேண்டிய இடம் அதுவே.

வெப்பமானியை வைத்துக் கவனமாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். தொடாமல் அளக்கும் கதிர் வெப்பமானி பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிட மிகவும் குறைவாகக் காட்டும். குறித்த வெப்பத்தில் உருகும் குறிகுச்சியையோ, குழாயில் தொட்டபடி இருக்கும் வெப்ப இணையையோ மட்டுமே நம்பலாம். ஆனால் சரியாக அளந்தாலும் விடை மாறாது. வளைக்கப் போதுமான சூடு, ஊசிகளை அழிக்கவும் போதுமான சூடு.

ஆக முதல் வழி கழிந்தது. மீதி இரண்டையும் ஒரு சிறு கணக்கு பிரித்துக் காட்டுகிறது. குழாயை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும் அளவு, குழாயின் அரைவிட்டத்தை வளைவின் ஆரையால் வகுத்தால் வரும். 40 மில்லிமீற்றர் குழாயை 200 மில்லிமீற்றர் ஆரையில் வளைத்தால் 10 சதவீதம்; 120 ஆரையில் 17 சதவீதத்தை நெருங்கும். 6061 டி6 இழுவைச் சோதனையில் 12 முதல் 17 சதவீதம் நீண்டு அறுகிறது. டி4 22 சதவீதத்துக்கு மேல் நீளும். அப்படியானால் அகன்ற வளைவு போதும் என்றால் டி6ஐக் குளிரில் வளைக்கலாம். சுருக்கமான வளைவு வேண்டுமென்றால் டி4தான். அண்ணனின் படகு ஒடுக்கமானது. ஆட்கள் தலை இடிக்காமல் ஏறுவதற்கு 120 ஆரை கேட்கிறது.

டி4க்கு இன்னொரு பெரும் சாதகம் உண்டு. வெல்டிங் செய்தால் ஒட்டின் இரு பக்கமும் ஏறத்தாழ ஓர் அங்குலம் தளர்ந்துவிடும். டி6இல் ஒட்டினால் அந்தத் தளர்ச்சி அப்படியே நிற்கும். டி4இல் வளைத்து, ஒட்டி, அதன்பின் முழுச் சட்டத்தையும் முதிர்த்தினால், இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. வளைத்த இடத்திலும் நன்மைதான்: குளிரில் சேர்ந்த பிறழ்வுச் சிக்குகள் ஊசிகள் முளைப்பதற்கு இடம் கொடுக்கின்றன.

பாதகம், நேரமும் அடுப்பும். டி4 குழாய் கடைத் தட்டில் கிடைப்பதில்லை, கொழும்பில் முன்கூட்டியே சொல்லி எடுக்க வேண்டும். பவுடர் கோட்டிங் செய்யும் இடத்து அடுப்பு 175 பாகைக்குப் பொருத்தமானது, எட்டு மணி நேரத்துக்கு அதை வாடகைக்குக் கேட்க வேண்டும். பேக்கரி அடுப்பில் வைக்கலாமே என்று பட்டறைத் தம்பி ஒருவர் கேட்டார். விறகு அடுப்பின் சூடு மணிக்கு மணி இறங்கும், வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று. பாணுக்கு அது போதும், ஊசிகளுக்குப் போதாது. குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே மணல் நிரப்பி இறுக்குவோம். அதற்குக் கழுவி உலர்த்திய மகாவலி ஆற்று மணலே வேண்டும். பத்தடி தூரத்தில் கடற்கரை இருக்கிறது என்று அங்கே அள்ளினால், கழுவ முடியாத குழாய்க்குள் உப்பைப் பூட்டி வைத்தவராவோம்.

தாங்கிக்கு 5083: வேறு குணம், வேறு பயம்

எஞ்சின் தாங்கிக்கு ஏன் 6061 தகடு அல்ல? அங்கே ஒட்டு அதிகம், அதிர்வு அதிகம், தாங்கி முழுதும் உப்புநீரில் நனையும். 5083இல் ஏறத்தாழ 4 முதல் 4.9 சதவீதம் மக்னீசியம் இருக்கிறது. ஊசிகளை நம்பி நிற்கும் உலோகம் அல்ல இது. கரைந்திருக்கும் மக்னீசியமும், குளிரில் உருட்டியபோது ஏறிய சிக்குகளும்தான் இதன் பலம். படகுத் தகடாக வரும் எச்116 நிலையில் வளையத் தொடங்கும் தகைப்பு பொதுவாக 228 மெகாபாஸ்கல். 345 பாகையில் முழுதாகத் தளர்த்தினால் சிக்குகள் அழிந்து புதிய மணிகள் பிறந்துவிடும். அப்போதும் 145 மிஞ்சுகிறது. 6061 தளர்ந்தால் 55. 5083 தளர்ந்தாலும் 145. எங்கள் வேலைக்கு இந்த இரண்டு எண்களைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

இதில் புதிய மணிகள் பிறப்பது 6061ஐவிட ஏன் எளிது? கரைந்த மக்னீசிய அணுக்கள் பிறழ்வுக் கோடுகளின் காலைப் பிடித்து இழுக்கின்றன. அதனால் மீட்சி தாமதமாகிறது, அழுத்தம் உள்ளே சேர்கிறது. மங்கனீசு கலந்த கரடான துணிக்கைகள் வேறு இருக்கின்றன. ஒரு மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கைகளைச் சுற்றி உலோகம் மோசமாகச் சிதைவதால் புதிய மணிகள் அங்கேதான் முளைவிடுகின்றன. நுண்ணிய துணிக்கைகள் நேர் எதிர்: மணி எல்லைகளைப் பிடித்து நிறுத்தி, வளரவிடாமல் தடுக்கின்றன. இதே இயல்பைப் பயன்படுத்தி, மிக நுண்ணிய மணிகளோடு தயாரித்த 5083 தகட்டை 450 பாகைக்கு மேல், மிக மெதுவாக, வாயு அழுத்தத்தால் மாவைப்போல் அச்சில் விரியச் செய்கிறார்கள். அது நம் பட்டறைக்கு எட்டாத வேலை.

நமக்கு எட்டுவது எளிமையானது: குளிரில், அகன்ற ஆரையில் வளைப்பது. உருட்டிய தகட்டில் மணிகள் அப்பளம் அடுக்கியதுபோல் தட்டையாக நீண்டு கிடக்கும். மடிப்புக் கோடு அந்த நீளத்துக்குக் குறுக்கே விழ வேண்டும். நெடுக்கே மடித்தால் வெடிப்பு ஓடுவதற்கு வழி தயாராக இருக்கும். சுருக்கமான மடிப்பு தவிர்க்க முடியாதென்றால், மடிக்காமல் இரண்டாக அறுத்து ஒட்டிவிடுவேன்.

5083இன் உண்மையான பயம் வேறு. 65 பாகைக்கும் 200 பாகைக்கும் இடைப்பட்ட இளஞ்சூட்டில் நீண்ட நேரம் இருந்தால், கரைந்திருக்கும் மக்னீசியம் மணி எல்லைகளுக்கு ஊர்ந்துபோய், அலுமினியத்தோடு சேர்ந்து ஒரு படலமாகப் படிகிறது. கடல்நீரில் அந்தப் படலம் சுற்றியுள்ள உலோகத்துக்கு முன்பே கரையும். வெளியே தகடு நன்றாகத்தான் தெரியும், உள்ளே மணிகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்றுகொண்டிருக்கும். எச்116 தகட்டை ஆலையில் சோதிப்பதே இதற்காகத்தான்: நைத்திரிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்து எடை இழப்பைப் பார்க்கிறார்கள், சதுர சென்ரிமீற்றருக்கு 15 மில்லிகிராமுக்குள் என்றால் நல்லது, 25ஐத் தாண்டினால் ஆபத்து. வெல்டிங்கின்போது சில நிமிடம் இந்தச் சூட்டைக் கடந்து போவது பொருட்டல்ல. மணிக்கணக்கில், நாள்கணக்கில் அங்கேயே தங்குவதுதான் கெடுக்கும். புகை வெளியேறும் குழாயை ஒட்டிய, எப்போதும் சூடாக இருக்கும் இடங்களுக்கு மக்னீசியம் 3 சதவீதத்துக்குக் குறைந்த 5052 அல்லது 5454 போடுவதே முறை. வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

எடுத்த முடிவு

சட்டத்துக்கு 6061 டி4, குளிரில் வளைத்து, ஒட்டி, 175 பாகையில் எட்டு மணி நேரம். தாங்கிக்கு 5083 எச்116, அறுத்து ஒட்டுவது. அகலமான படகும் அவசரமும் உள்ளவருக்கு நான் டி6ஐ 200 ஆரைக்குக் குறையாமல் குளிரில் வளைத்துக் கொடுப்பேன். ஒட்டுகளை அதிக நெம்பு விழும் அடியிலிருந்து விலக்கி வைப்பேன். சுவாலையில் வளைக்கச் சொல்லி வருபவருக்கு வேலையைச் செய்துகொடுக்கமாட்டேன், அவர் எவ்வளவு அவசரப்பட்டாலும்.

முதலில் போட்ட திட்டத்தில் ஒரு பெரும் பிழை இருந்தது. குறித்துவைத்த காகிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. தாங்கியைச் சட்டத்தோடு ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் அடுப்பில் வைத்தால் பயணம் மிச்சம் என்று எழுதியிருந்தேன். 175 பாகையில் எட்டு மணி நேரம்: 6061 கேட்கும் மருந்து. அதுவே 5083க்கு நஞ்சு. சட்டத்துக்கு ஊசிகள் முளைக்கும் அதே மணி நேரங்களில், தாங்கியின் மணி எல்லைகளில் படலம் படிந்துகொண்டிருக்கும். எஞ்சினைச் சுமக்கப்போவது அந்தத் தாங்கி. இப்போது சட்டம் மட்டும் அடுப்புக்குப் போகிறது. தாங்கியைப் பின்னர் போல்ட் போட்டு, இடையில் நைலோன் வில்லை வைத்துப் பூட்டுகிறோம்.

குழாய்கள் லொறியில் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொன்றின் மேலும் கலவை எண்ணும் டி4 என்ற நிலையும் மையால் அச்சிடப்பட்டிருக்கின்றன. வளைத்து, முதிர்த்தி, கடினம் பார்க்கும் வரைக்கும் தின்னர் துணியை அந்த எழுத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று பட்டறைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் நேற்று மாலை வந்து, அந்த எழுத்துகளைத் தன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.